கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைக் கொண்டுவருவது எப்படி

எங்கள் மேய்ச்சல் காடு மூலனூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. 4 ஏக்கர். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே 23 வெள்வேல மரங்கள், தெற்கு மூலையில் ஒரு படல் (தட்டிக் கதவு). கிணறு கிடையாது, போர் கிடையாது. 19 வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அப்பா போன பிறகு 2014-இல் இங்கே திரும்பி வந்தேன். அன்றைக்கு இந்தக் காட்டில் ஊசிப்புல்லும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும்தான் நின்றன. இன்றைக்கு முக்கால்வாசி இடத்தில் கொழுக்கட்டைப் புல் தூர் கட்டி நிற்கிறது. இரண்டு காங்கேயம் மாடு, ஒரு கிடாரி, பத்துப் பன்னிரண்டு மேச்சேரி ஆடு, எல்லாம் வருடத்தில் ஏழெட்டு மாதம் இதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன.

இதை எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள். புதிதாக நிலம் வாங்கியவர்கள், என்னைப்போல டவுனிலிருந்து திரும்பியவர்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை நாளில் வரும்? இரண்டு வருடம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அந்த இரண்டு வருடத்தில் எங்கே கை வைக்க வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் மீதியைப் புல்லே பார்த்துக்கொள்ளும். சும்மா இருக்கத் தெரியாமல்தான் நான் இரண்டு வருடத்தை நாலு வருடமாக்கினேன். அதனால் என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொறங்காடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், வெள்ளாமைக்கு ஆகாத சரளை நிலத்தை மேய்ச்சலுக்கென்றே வைத்திருக்கும் முறை அது. கிளுவை வேலி, வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லைத் தின்றுதான்.

புல்லை முதலில் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

விதை எடுக்கப் போகிறவர் புல்லைத் தப்பாகப் பிடித்துவிட்டால் எல்லாம் வீண். கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்கும், அருகம்புல்போலக் கொடி ஓடாது. நல்ல மழை பெய்த வருடம் இடுப்புயரம் வரும், இல்லாத வருடம் முழங்காலோடு நின்றுவிடும். தூரின் அடியைப் பிரித்துப் பார்த்தால் தண்டின் கால் கொஞ்சம் புடைத்து, கணுக்கணுவாகக் கெட்டியாக இருக்கும். அதுதான் அதன் சேமிப்பு. மேலே எல்லாம் காய்ந்து வைக்கோலாகிவிட்டாலும், அந்த அடி உயிரோடு இருந்தால் ஒரு மழைக்கு நாலைந்து நாளில் பச்சை காட்டும்.

பூட்டை, அதாவது கதிர், விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை இருக்கும், பாட்டில் கழுவும் பிரஷ்போலச் சுற்றிலும் மயிரோடு. இளசில் கொஞ்சம் ஊதா ஓடும், முற்றினால் வெளிர் பழுப்பு. அந்த மயிர் கையில் குத்தாது, மெத்தென்று இருக்கும். குத்தினால் அது வேறு புல். ஊசிப்புல்லின் முனை ஆட்டின் தோலுக்குள்ளேயே இறங்கும், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதிலேயே நீலக் கொழுக்கட்டை என்று ஒன்று உண்டு. இலை நீலம் பாரித்த பச்சையாக இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதில் கோ 1 என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. ராஜஸ்தான் பக்கம் நம் கொழுக்கட்டையை அஞ்சன் என்கிறார்கள், ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் அதற்கென ரகங்களே தேர்ந்தெடுத்திருக்கிறது. நான் இட்டேறியில் (இரண்டு வேலிக்கு நடுவே போகிற மண்பாதை) நின்ற நாட்டுப் புல்லிலிருந்துதான் விதை எடுத்தேன். நம் மண்ணில் ஏற்கெனவே நின்று காட்டிய புல்லிருக்க, வெளியில் போய்த் தேடுவானேன் என்பது என் எண்ணம். பக்கத்தில் எங்கேயும் கிடைக்காதவர்கள் கோ 1 வாங்கிக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது

செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம், சுக்காங்கல் தட்டும் நிலம், கடப்பாறையைப் போட்டால் நெருப்புப் பறக்கும் மேடு, இங்கெல்லாம் வரும். மண்ணில் சுண்ணாம்பு இருப்பது இதற்குப் பிடிக்கும். புளித்த மண், அதாவது அமில மண், பிடிக்காது. வேர் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே கீழே இறங்கக்கூடியது, பாறை இடுக்கு கிடைத்தால் அதிலேயும் இறங்கும். எங்கள் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வந்து தீர்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, அது மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற புல் இது.

தாங்காதது ஒன்று உண்டு, தேங்கிய தண்ணீர். எங்கள் காட்டின் வடகிழக்கு மூலை பள்ளம். அங்கே கரிசல்போலக் களி மண் படிந்திருக்கிறது. நல்ல மழைக்கு நாலைந்து நாள் நீர் நிற்கும். அந்தப் பத்து சென்ட்டில் மூன்று முறை விதை போட்டேன், மூன்று முறையும் முளைத்த நாற்று மஞ்சளாகிச் செத்தது. வளர்ந்த தூர் சில நாள் வெள்ளத்தைச் சமாளிக்கும், நாற்று சமாளிக்காது. இப்போது அந்த மூலையை அருகுக்கும் கோரைக்கும் விட்டுவிட்டேன். உங்கள் நிலத்திலும் மழை பெய்த மறுநாள் ஒரு சுற்று நடந்து, எங்கெல்லாம் நீர் நிற்கிறது என்று குச்சி நட்டு வையுங்கள். விதை அங்கே வேண்டாம்.

நிழல் பற்றிக் கேட்கிறார்கள். சீமைக் கருவேலத்தின் அடியில் ஒன்றும் வராது, அதை வேரோடு எடுத்தே ஆக வேண்டும். வெள்வேல மரத்தடி கதை வேறு. அதன் இலை சிறிது, வெயில் சல்லடைபோல இறங்கும். எங்கள் காட்டில் கடைசியாகக் காய்கிற புல் வெள்வேலத்தடிப் புல்தான். மாசி மாதம் வெளியில் எல்லாம் பொன்னிறமாகிவிட்ட பிறகும் மரத்தடியில் ஒரு வட்டம் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். உழவுக்கு மரம் தடை என்று வெட்டிவிடாதீர்கள். அடிக்கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். கோடையில் அந்த மரத்திலிருந்து உதிர்கிற காய் ஆட்டுக்குத் தனித் தீவனம்.

விதையில்தான் எல்லாமே இருக்கிறது

2014 ஆவணியில், கோடை மழைக்கு வளர்ந்த புல் இட்டேறி ஓரமெல்லாம் பூட்டை விட்டு நின்றது. நானும் இரண்டு அக்காமார்களும் சேர்ந்து ஒரு வாரம் உருவி, 12 கிலோ சேர்த்தோம். காட்டை ஐந்து உழவு ஓட்டி, மாவாக்கி, ஐப்பசியில் விதைத்தேன். அந்த வருடம் மழைக்குக் குறையில்லை. பார்த்தீனியம் முளைத்தது, கொழுஞ்சி முளைத்தது, கொழுக்கட்டை மட்டும் இல்லை. 20 நாள் கழித்து, மண்டி போட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த எங்கள் பெரிய அத்தை கேட்டார்:

“ஏஞ் சாமி, போன வருசத்து வெதையப் போட்டயா, இந்த வருசத்து வெதையப் போட்டயா?”

“இந்த வருசத்துதுங்க அத்தை. புதுசா உருவுனது.”

“அதான் தூங்குது. ஒரு வருசம் மூட்டைல கெடக்கோணும் அம்மிணி. பழச மண்ணுல போடோணும், புதுச மூட்டைல போடோணும்.”

அத்தை சொன்னதுதான் இந்தப் புல்லின் பெரிய ரகசியம். புதிதாக உருவிய கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. பல மாதம் முளைக்காது, ஒரு வருடம் ஆறினால்தான் நன்றாக முளைக்கும். யோசித்துப் பார்த்தால் அது புல்லின் கெட்டிக்காரத்தனம். ஆவணியில் விழுந்த விதை புரட்டாசியில் பெய்கிற ஒரு தூறலுக்கு ஏமாந்து மொத்தமாக முளைத்தால், அடுத்த பத்து நாள் வெயிலில் மொத்தமாகச் செத்துவிடும். அதனால் தூங்குகிறது. என் 12 கிலோவில் எறும்பு தூக்கிப் போனது போக மீதி, மறு வருடம் வைகாசி மழைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. அதற்குள் நான் காட்டைத் திரும்ப உழுது புரட்டிவிட்டிருந்தேன்.

விதை எடுக்கிற முறை இதுதான். பூட்டை வெளிர் பழுப்பாகி, அடியிலிருந்து நுனிக்கு உருவினால் எதிர்ப்பில்லாமல் கையோடு வர வேண்டும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் முற்றவில்லை. ஒரே தூரில் ஒரு பூட்டை முற்றியிருக்கும், இன்னொன்று அப்போதுதான் பூக்கும். ஆகையால் ஒரே நாளில் அறுத்துக் குவிக்க முடியாது, நாலு நாளைக்கு ஒரு முறை போக வேண்டும். பனி காய்ந்த பிறகு, காற்று கிளம்பும் முன்னால் போவது நல்லது. மடியில் ஒரு துணிப் பையைக் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் உருவ வசதி. கோடை மழைப் புல்லில் ஆடி, ஆவணியிலும், ஐப்பசி மழைப் புல்லில் மார்கழி, தையிலும் விதை கிடைக்கும். நான் இப்போது தை விதையைத்தான் எடுக்கிறேன். அடுத்த புரட்டாசி வரை ஒன்பது மாதம் ஆகிவிடும், அதற்கு அடுத்த புரட்டாசி என்றால் இன்னும் திருப்தி.

நிழலில் மூன்று நாள் உலர்த்தி, சாக்குப் பையிலோ துணிப் பையிலோ காய்ந்த வேப்பிலையோடு போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பையின் மேல் எந்த மாதம், எந்த வருடம் என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். எழுதாத பையால்தான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வருகிறது.

விதைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் சோதனை செய்து பாருங்கள். முதலில் உள்ளங்கையில் பத்து விதை வைத்துத் தேயுங்கள். மயிருக்குள் அரிசி இருக்கிறதா, வெறும் சண்டா என்று தெரிந்துவிடும். அப்புறம் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, இரண்டு வாரம் காயவிடாமல் தெளித்துக்கொண்டே வாருங்கள். நான் செய்து பார்த்ததில் புது விதை 100-க்கு 6 முளைத்தது, அதே காட்டின் ஒரு வருட விதை 41 முளைத்தது. 41 குறைச்சல் என்று நினைக்க வேண்டாம், இந்தப் புல்லுக்கு அது நல்ல முளைப்பு.

காத்திருக்க வழியே இல்லை என்றால் பொட்டாசியம் நைட்ரேட் உண்டு. லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, விதையை அதில் 48 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். உறக்கம் கலையும். பலன் உண்டு, நானே ஒரு வருடம் செய்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வருடம் பையில் தொங்கிய விதைதான் என் முதல் தேர்வு.

நிலத்தைத் தயார் செய்வதும் விதைப்பதும்

ஐந்து உழவு தேவையில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் ஒரு உழவு, புரட்டாசியில் ஒரு உழவு, இரண்டும் வாட்டத்துக்கு, அதாவது நிலத்தின் சரிவுக்கு, குறுக்காக. கட்டி கொஞ்சம் இருக்கட்டும். மாவாக்கிய மண் முதல் மழைக்கே மேலே ஏடு கட்டிவிடும், அதை உடைத்துக்கொண்டு வர இந்த நாற்றுக்குத் தெம்பு போதாது. உழவில் புரண்ட கல்லைப் பொறுக்கி வெளியே கொட்டாமல், வாட்டத்துக்குக் குறுக்காக முழங்கால் உயரக் கல்கட்டாக அடுக்கினேன். 30 அடிக்கு ஒன்று. மூன்றே வருடத்தில் ஒவ்வொரு கல்கட்டின் மேல்பக்கமும் நாலு விரக்கடை (விரல் அகலம்) மண் சேர்ந்துவிட்டது, புல் முதலில் தூர் கட்டியதும் அங்கேதான்.

விதைப்புக்குச் சரியான நேரம் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் வாரம் வரை, மழைக்கு நாலைந்து நாள் முன்னால். ஏக்கருக்கு இரண்டரையிலிருந்து 3 கிலோ போதும் என்பது கணக்கு. கையால் உருவிய விதையில் சண்டு கலந்திருப்பதால் நான் 4 கிலோ போடுகிறேன்.

இந்த விதையை அப்படியே வீசினால் காற்று நம் முகத்திலேயே கொண்டுவந்து போடும், அவ்வளவு லேசு. மணலோடு கலந்து வீசலாம். அதைவிட நல்லது உருண்டை பிடிப்பது. ஒரு பங்கு விதை, மூன்று பங்கு சலித்த செம்மண், ஒரு பங்கு தூளாக்கிய காய்ந்த சாணி, தெளித்துத் தெளித்துத் தண்ணீர். ஒரு பழைய தார்ப்பாயில் போட்டு ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உருட்டினால் சுண்டைக்காய் அளவு உருண்டை ஆகிவிடும். இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். காற்று தூக்காது, கைக்கு வீச வாகு, எல்லாவற்றையும்விட எறும்புக்குத் தெரியாது. எங்கள் காட்டில் எறும்புப் புற்று வாசலில் கொழுக்கட்டை உமி குவிந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் உருண்டைக்கு மாறினேன்.

வீசிய பிறகு ஒரு வேலமுள் கொப்பை வெட்டி, மேலே ஒரு கல்லை வைத்துக் கட்டி, காடு முழுக்க ஒரு முறை இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான் மூடுவது. ஒரு நகக்கண் ஆழம், 1 சென்டிமீட்டர். அதற்கு மேலே மண் ஏறினால் முளைத்த குருத்து வெளிச்சம் பார்க்காமலே தீர்ந்துவிடும். விதைத்த மேல் உழவு ஓட்டி மூடுகிறவர்களைப் பார்க்கிறேன். கம்புக்கு அது சரி, இதற்கு ஆகாது.

தூரைப் பிரித்து நடவும் செய்யலாம். பழைய தூரைக் கடப்பாறையால் கிளப்பி, இரண்டு மூன்று தண்டாகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, மண் நன்றாக நனைந்த மறுநாள் 50 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். பிழைப்பு அதிகம், வளர்ச்சியும் சீக்கிரம். ஆனால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 27,000 தூர் வேண்டும். கூலி கட்டாது. கல்கட்டு ஓரத்துக்கும், விதை பிடிக்காத சொட்டைக்கும் மட்டும் இதை வைத்துக்கொண்டேன்.

முதல் வருடம் யாரும் உள்ளே வரக்கூடாது

நல்ல விதை, நல்ல மழை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் ஊசிபோல முளை தெரியும். அதற்கு அப்புறம் ஒரு மாதம் வளரவே வளராதது மாதிரி இருக்கும். பதற வேண்டாம், அது கீழே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையால் பிடுங்குவது மட்டும்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலுக்கு ஆகாத செடி. நரிப்பயறு, செப்புநெருஞ்சி இரண்டையும் பிடுங்காதீர்கள். ஆடு விரும்பித் தின்கிற கொடி வகை அவை, மண்ணுக்கும் தழைச்சத்து சேர்க்கும்.

கார்த்திகைக் கடைசியில் காடு பச்சையாக நிற்கும்போது மனசு அடித்துக்கொள்ளும். கட்டுத்தரையில் மாடு வெறும் சோளத்தட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும், இங்கே புல் அசைந்துகொண்டிருக்கும். இரண்டாவது முயற்சியில் நான் இங்கேதான் தவறினேன். பத்து ஆட்டை ஒரு மத்தியானம் மட்டும் விட்டேன். ஆடு மேலே கடிக்காது, பல்லை மண்ணோடு வைத்துக் கரம்பும். வேர் பிடிக்காத நாற்று வேரோடு வந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரு மூலை முழுக்க நாற்று பிடுங்கிப் போட்டதுபோலக் கிடந்தது. என்னால் அதை இன்னும் மறக்க முடியவில்லை.

முதல் வருடப் புல் பூட்டை விட்டு, விதை முற்றி, பாதி விதை தானாக மண்ணில் கொட்டட்டும். அதாவது தை கழியும் வரை படலைத் திறக்கவே கூடாது. மாசியில் வேண்டுமானால் அரிவாளால் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துக் கட்டுத்தரைக்குக் கொண்டுபோய்ப் போடலாம். கால்நடையின் கால் உள்ளே படுவது அடுத்த கோடை மழை பெய்து, புல் திரும்பத் துளிர்த்து, முழங்கால் உயரம் வந்த பிறகுதான். அப்போது ஒரு தூரைப் பிடித்து மாடு இழுப்பதுபோல இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையில் வந்தால் காடு தயார். தூர் அசைந்தால் இன்னும் ஒரு மழை பொறுங்கள்.

வேலி இல்லாமல் இந்தப் பேச்சு எதுவும் நடக்காது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முள்கிளுவைக் கொம்பை மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டால் பிடித்துக்கொள்ளும், அடர வேலியாக மூன்று நாலு வருடம் ஆகும். அதுவரைக்கும் வெட்டிய முள்ளைப் போட்டு அடைத்துக்கொள்ளுங்கள்.

மேய்க்கிற கணக்கு

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் பண்ணையம் பெரிது, நாலைந்து கொறங்காடு இருந்தது, ஒன்று மாற்றி ஒன்று மேய்ப்பார்கள். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் 4 ஏக்கரையும் முள் கொப்பாலும் இரண்டு வரிசைக் கம்பியாலும் மூன்றாகத் தடுத்திருக்கிறேன்.

உள்ளே விடுவதற்கு அளவு முழங்கால் உயரம், பூட்டை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால். அந்தப் பருவத்தில்தான் புல்லில் சத்து அதிகம், புரதம் 100-க்கு 9, 10 பங்கு இருக்கும். பூட்டை முற்றிவிட்டால் தண்டு கெட்டியாகி, சத்தும் வேகமாக இறங்கிவிடும். வெளியே ஓட்டுவதற்கு அளவு நாலு விரக்கடை. அந்த அடித்தண்டில்தான் அடுத்த துளிருக்கான சேமிப்பு இருக்கிறது என்று முன்பே சொன்னேன், அதைக் கரம்பவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்க அதனிடம் ஒன்றும் இருக்காது. மாட்டை முதலில் விடுங்கள், அது நாக்கால் சுற்றி மேல்பாதியை இழுத்துக்கொள்ளும். ஆடு பின்னால் போகட்டும், இரண்டு நாள் முன்னதாகவே வெளியே வரட்டும்.

மழை பெய்த மூன்று வாரம் எந்தத் தடுப்பிலும் கால் வைக்கவிடாதீர்கள். இது கஷ்டம்தான். பச்சை தெரிந்தவுடன் மாடு படலருகே வந்து நின்றுவிடும். அந்த மூன்று வாரத்துக்கென்றே நான் தட்டுப்போரில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று தடுப்பில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மூடி, விதை கொட்டவிடுகிறேன். இந்த வருடம் மேல்காடு, அடுத்த வருடம் நடுக்காடு, இப்படிச் சுற்றிவரும். அந்தத் தடுப்பில் நிற்கிற காய்ந்த புல் வீணாவதில்லை. பங்குனி, சித்திரையில் வேறெதுவும் இல்லாதபோது மாடுகள் அதை நின்றவாக்கிலேயே கடித்துக்கொள்ளும், உதிர்ந்த வெள்வேலங்காயோடு சேர்த்து.

உரம் என்று பெரிதாக ஒன்றும் போடுவதில்லை. மண்ணில் மணிச்சத்து இருந்தால் இந்தப் புல் நன்றாகத் தூர் கட்டும். அதற்கு ஆட்டுப்பட்டியை வாரம் ஒரு இடமாக மாற்றிப் போட்டாலே போதுமாக இருக்கிறது. கொஞ்சம் முதலீடு செய்ய முடிகிறவர்கள் மூன்று வரிசை கொழுக்கட்டைக்கு ஒரு வரிசை முயல் மசால் என்கிற பயறு வகைத் தீவனச் செடி போடலாம். அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் முளைக்கும்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை

ஆஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் சித்தப்பா மகன் கொஞ்சம் விதை அனுப்பச் சொன்னான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஆடும் மாடும் வெயிலும் சேர்ந்து அடக்கி வைத்திருக்கிற புல் இது, வேறு மண்ணில் அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்திருந்த புல்லோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். பிறகு மேய்ச்சலுக்கென்றே பரப்பினார்கள், இன்றைக்கு அந்த நாட்டின் நடுப்பகுதியில் நாட்டுச் செடிகளை அது நெருக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில், சொனோரா பாலைவனத்தில், இன்னும் மோசம். தீயையே அறியாத கள்ளிக்காட்டில் இந்தப் புல் காய்ந்து நின்று தீயைக் கொண்டுவருகிறது, புல் திரும்பத் துளிர்க்கிறது, ஆள் உயரக் கள்ளிகள் துளிர்ப்பதில்லை. நம் ஊரிலும் காப்புக்காட்டு ஓரத்தில் கொண்டுபோய் இதை வீசாதீர்கள். வேலி போட்ட மேய்ச்சல் காடுதான் இதற்கு இடம்.

வயதான காட்டைப் புதுப்பிப்பது

ஏழெட்டு வருடம் ஆனால் தூரின் நடு செத்து, வளையம்போல ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். மண்ணும் மிதிபட்டு இறுகியிருக்கும். அப்பாரு காலத்தில் அந்த நிலைக்கு வந்த காட்டை உழுது, ஒரு வருடம் சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டுத் திரும்பப் புல்லுக்கு விடுவார்கள். மண்ணில் கிடக்கிற பழைய விதையும் உழவில் உடைந்த தூரும் அடுத்த மழைக்கு எழுந்துவரும். நான் மேல்காட்டில் சென்ற புரட்டாசியில் அப்படித்தான் ஒரே ஒரு உழவு ஓட்டி, கொள்ளு விதைத்து, சொட்டையாக இருந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு வருட விதையில் உருண்டை பிடித்துப் போட்டேன். மாசியில் கொள்ளு பிடுங்கியபோது செடிக்கு நடுவே விரல் நீளத்துக்குக் கொழுக்கட்டை நாற்று நின்றது. ஒரு சதுர கஜத்துக்கு நாலு இருந்தால் போதும், எங்களுக்கு ஏழு எட்டு இருந்தது. அந்தத் தடுப்பின் படலைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். வைகாசி மழைக்கு அப்புறம்தான் அவிழ்ப்பேன்.